லிராவிலிருந்து எதுவும் எடுக்கவில்லை

மூர் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் அத்தர் கடைக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் எங்கள் நாணயமாற்றுக் கடை.
கறுப்புப் பலகையில் வெள்ளைப் பிளாஸ்டிக் எழுத்துகள்.
இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில் ஒரு புதன்கிழமை
முதலாளி மஹ்மூது மரைக்காயர் ஸ்டூலைக் காட்டி
"ஏறு, ஐரோப்பாவைக் காலி பண்ணு" என்றார்.

மார்க் இறங்கியது. டிராக்மா இறங்கியது.
பிரான்சும் பெல்ஜியமும் ஒரே பெயரில்
இரண்டு வரி பிடித்திருந்தன, இரண்டும் இறங்கின.
புதுப் பணத்துக்குப் புது எழுத்து வாங்கித் தரவில்லை அவர்.
பெஸெட்டாவின் ஈ, கில்டரின் யு,
பிராங்கின் ஆர், எஸ்குடோவின் ஓ.
லிராவிலிருந்து எதுவும் எடுக்கவில்லை.
நாலு எழுத்தும் அப்படியே
பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

புதுத் தாளில் ஆளே இல்லை.
ஒரு நாட்டான் முகத்தைப் போட்டால்
பதினோரு நாட்டானுக்குக் கோபம் வருமாம்,
அதனால் பாலம் போட்டிருக்கிறார்கள்,
எந்த ஆற்றின் மேலும் இல்லாத பாலம்.
"கூவத்துக்கு ஒண்ணு கேட்டு வாங்கலாம்" என்றேன்.
முதலாளி சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சவேரியம்மாள் வந்தாள், காசிமேட்டிலிருந்து.
கப்பல் எஞ்சினுக்குக் கிரீஸ் வைத்த இன்னாசி
ஜெனோவாவில் மிச்சம் பிடித்த ஒன்பது தாள்,
ஒவ்வொன்றும் ஒரு லட்சம்.
தெருவில் அவனுக்கு லட்சாதிபதி என்றே பேராம்.
எங்கள் பலகைக் கணக்கில் எல்லாம் சேர்த்து
இருபதாயிரம் ரூபாய்.
தாளின் முன்பக்கம் ஒருத்தி
ஒரு வாலிபனுக்குக் கைரேகை பார்த்துக்கொண்டிருந்தாள்.
பின்பக்கம் ஒரு கூடைப் பழம்.

ஜும்ஆ நேரம். ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.
பெட்டிச் சாவி முதலாளியோடு பள்ளிவாசலில்.
அரைமணி உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
எனக்குப் பசி.
"வெச்சுக்கோங்கம்மா, ஏறும்" என்றேன்.
செத்துக்கொண்டிருக்கும் பணம் எங்கே ஏறும்?
சோம்பல்தான் அது. வேறு பெயர் தேடிப் பார்த்தேன்,
அகப்படவில்லை.
எதற்குப் பணம் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

திரும்ப வந்தபோது பதினோரு வருடம் போயிருந்தது.
வெளியே மெட்ரோவுக்குத் தோண்டினார்கள்,
மேஜைக் கண்ணாடி அதிர்ந்தபடி இருந்தது.
ரோமில் கடைசி ஜன்னலும் சாத்தியாகிவிட்டது என்றேன்.
"எப்ப செத்துது?"
கடையில் செல்லாமல் போன தேதியைச் சொன்னேன்,
பிப்ரவரி இருபத்தெட்டு.
விரல் விட்டு எண்ணினாள்.
"அதே தவக்காலத்துலதான் அவுரும். ஸ்டான்லில."
பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில்,
"ஒரு பையன் ஏறும்னான். சுருட்ட முடி.
அவன் இல்லையா இப்ப?"
என் கை வழுக்கைக்குப் போனது.
"இல்லம்மா" என்றேன்.

பழைய தாள் சேர்க்கும் ஒருவர் தி.நகரில் இருப்பதாகச் சொல்லி
அவரை அங்கேயே, அந்த நிமிடத்தில் உண்டாக்கினேன்.
நல்ல பங்களா கொடுத்தேன் அவருக்கு.
சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்,
ஐந்நூறு ரூபாய்த் தாளாக முப்பத்தாறு எண்ணி வைத்தேன்.
எட்டு லிராத் தாளைத் தந்தாள்.
ஒன்பதாவதை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள்.
அப்புறம் என் ஐந்நூறுகளை ஒவ்வொன்றாக
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி
உள்ளே இருக்கும் முகத்தைச் சரிபார்த்தாள்.
"பேங்க்ல போட்ருங்கம்மா."
"இன்னா அவசரம். பொட்டில கெடக்கட்டும்."

மூன்று வருடம் கழித்து, நவம்பரில்
ஒரு ராத்திரி எட்டு மணிக்கு
ஐந்நூறும் செத்தது.
பேங்க் திறந்த அன்று கடைக்குப் போகவில்லை.
ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை
ஒவ்வொரு வரிசையின் வாலிலிருந்து தலை வரைக்கும் நடந்தேன்.
"யாரப்பா தேடுறே, ஊடால பூராத" என்றார் ஒருவர்.
வயசான அம்மா என்றேன்.
அந்த வரிசையில்
பாதிப் பேர் வயசான அம்மாக்கள்தான்.